504 புள்ளிகள்: கார்லைல் பள்ளி அணியின் 1912 சீசன்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்று ஒரு சிற்றூர். 1912 செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை, பத்து வாரத்துக்குள், அந்த ஊர்ப் பள்ளியின் ஃபுட்பால் அணி 14 ஆட்டங்கள் ஆடியது. 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. எடுத்தவை 504 புள்ளிகள். எதிரணிகளுக்கு விட்டது அதில் கால் பங்குகூட இல்லை. எதிரே நின்றவற்றில் பெரும்பாலானவை பெயர்பெற்ற கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும். கார்லைலோ கல்லூரியே அல்ல. பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய உறைவிடத் தொழிற்பள்ளி. நம் பழைய பாடப்புத்தகங்கள் செவ்விந்தியர் என்று சொன்ன மக்களின் பிள்ளைகள்.

இந்த சீசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜிம் தோர்ப் என்ற ஒரு வீரரைச் சொல்வார்கள், ராணுவக் கல்லூரியை வென்ற ஒரு ஆட்டத்தைச் சொல்வார்கள். அதோடு முடித்துக்கொள்வார்கள். இரண்டும் சொல்லத் தக்கவைதான். ஆனால் அந்த 504 புள்ளிகள் எப்படி வந்தன என்று கேட்டால் அந்த ஆண்டு மாறிய விதிகளைப் பார்க்க வேண்டும். அவை யாருக்குப் பயன்பட்டன என்று கேட்டால் பள்ளியின் பணப்பெட்டியைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆட்டம்

இது நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவம். கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம், சில கட்டங்களில் உதைக்கலாம். பக்கத்துக்கு 11 பேர். கபடியில் பாடிப் போனவரை மடக்கிப் பிடித்ததும் அந்த ரெய்டு முடிந்துவிடுவது போல, இங்கே பந்து வைத்திருப்பவரைத் தரையில் சாய்த்ததும் அந்த முயற்சி முடிந்தது. இரு பக்கமும் மறுபடி எதிரெதிரே வரிசை கட்டி நிற்பார்கள். அடுத்த முயற்சி தொடங்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் ‘டவுன்’ என்று பெயர். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான டவுன்களுக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் பந்து தொடர்ந்து உங்களிடமே இருக்கும். முடியாவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் ‘டச்டவுன்’. அதற்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்து இன்னொரு புள்ளி சேர்க்கலாம். டச்டவுன் கிடைக்காது என்று தெரிந்தால் தூரத்திலிருந்தே கம்பத்துக்குள் உதைத்து 3 புள்ளி எடுக்கலாம்.

அந்தக் காலத்தில் தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு ஒரு கூட்டம் என்று தனித்தனி ஆட்கள் கிடையாது. இறங்கிய 11 பேரே இரண்டையும் செய்ய வேண்டும். ஒரு கால்பகுதி ஆட்டத்தில் வெளியேறியவர் அதே கால்பகுதியில் திரும்ப வர முடியாது. தலைக்கவசம் என்றால் மெல்லிய தோல் தொப்பி. அதையும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இந்த விளையாட்டில் அன்று பிள்ளைகள் செத்தார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1905 சீசனில் மட்டும் 18 பேர் இறந்ததாக ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகை கணக்குக் கொடுத்தது. காரணம், ஆட்டம் ஆடப்பட்ட விதம். மூன்று டவுனில் ஐந்து கெஜம் போதும் என்பது பழைய விதி. அந்த ஐந்து கெஜத்துக்காக எல்லாரும் ஒரே கட்டாக ஒட்டிக்கொண்டு, பந்து வைத்திருப்பவரைத் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும், எதிரே நிற்கும் மதிலில் மோதுவார்கள். கீழே விழுந்தவர் மேல் பத்துப் பேர். கனமானவன் ஜெயிப்பான். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

திருத்தங்கள் ஒரே நாளில் வரவில்லை. 1906-இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. ஆனால் எறிந்த பந்து யார் கையும் படாமல் தரையில் விழுந்தால் பந்தே பறிபோகும் என்பது போன்ற கெடுபிடிகளோடு. 1910-இல் பந்து வைத்திருப்பவரைச் சொந்த அணியினர் தள்ளுவதும் இழுப்பதும் தடைசெய்யப்பட்டன. 1912 சீசனுக்கு முன்பு வந்த தொகுப்புதான் பெரியது. மூன்று டவுன் நான்கானது. டச்டவுனின் மதிப்பு 5-லிருந்து 6 புள்ளியானது. மைதானம் 110 கெஜத்திலிருந்து 100 கெஜமாகக் குறைந்தது. இரு முனையிலும் பத்து கெஜப் பட்டை ஒன்று சேர்ந்தது, அதற்குள் பிடித்த பந்தும் டச்டவுனாகக் கணக்கில் வந்தது. 20 கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்ற வரம்பு நீங்கியது.

இதனால் யாருக்கு லாபம்? எடை குறைந்த, ஓட்டம் மிகுந்த, ஏமாற்று வேலை தெரிந்த அணிக்கு. கார்லைல் பல ஆண்டுகளாகவே அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. 1903-இல் ஹார்வர்டுக்கு எதிராக, இரண்டாம் பாதித் தொடக்கத்தில் வந்த பந்தைப் பிடித்து, சார்லி டில்லன் என்ற வீரரின் சட்டை முதுகுக்குள் செருகிவிட்டார்கள். பந்து எங்கே என்று ஹார்வர்ட் ஆட்கள் தேடிக்கொண்டிருக்க, டில்லன் இரு கையையும் வீசிக்கொண்டு மைதானத்தின் மறுமுனைவரை ஓடினார். சட்டையில் முன்கூட்டியே எலாஸ்டிக் தைத்து வைத்திருந்தார்கள். அந்த ஆட்டத்தை 12-11 என்று ஹார்வர்ட்தான் வென்றது. ஆனாலும் இன்றுவரை பேசப்படுவது அந்தச் சட்டைதான். விதிகள் வேகத்தின் பக்கம் சாய்ந்தபோது, மற்ற அணிகள் புதிதாகக் கற்க வேண்டியதை கார்லைல் ஏற்கெனவே கற்றிருந்தது.

பள்ளி

1879-இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, கார்லைலில் இருந்த பழைய ராணுவ முகாமில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வைத்தால், அவர்களிடம் இருக்கும் பூர்வகுடித்தனம் அழிந்து வெள்ளைக்காரர்களைப் போல ஆகிவிடுவார்கள் என்பது அவர் கொள்கை. அதை மறைக்கவில்லை, மேடையில் பெருமையாகவே சொன்னார். வந்ததும் முடியை வெட்டுவார்கள். ராணுவச் சீருடை. தாய்மொழி பேசத் தடை. அரை நாள் பாடம், அரை நாள் வேலை. கோடையில் வெள்ளையர் வீடுகளிலும் பண்ணைகளிலும் கூலிவேலைக்கு அனுப்புவார்கள்.

முதல் தொகுதியில் வந்தவர்களில் ஒருவரான லூத்தர் ஸ்டாண்டிங் பேர் பிற்காலத்தில் ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். கரும்பலகை முழுக்க வெள்ளையர் பெயர்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கோலைக் கொடுத்து, ஏதாவது ஒன்றைத் தொட்டுக் காட்டு என்றார்கள். அவனுக்கோ எழுத்தே தெரியாது. எந்தக் கோடுகளைத் தொட்டானோ அதுவே அன்றிலிருந்து அவன் பெயர்.

வீட்டு ஏக்கம், அம்மை, காசநோய் எல்லாம் சேர்ந்து பள்ளி வளாகத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டம் உருவானது. 180-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே புதைக்கப்பட்டார்கள்.

ஃபுட்பால் இங்கே வந்தது பிராட்டின் விருப்பத்தால் அல்ல. உள்ளூர் ஆட்டம் ஒன்றில் ஒரு மாணவனின் கால் முறிந்ததும் அவர் வெளி அணிகளோடு ஆடுவதை நிறுத்திவிட்டார். மாணவர்கள் கூட்டமாக வந்து கேட்டார்கள். எதிராளி அடித்தாலும் நீங்கள் கையை ஓங்கக் கூடாது, ஓங்கினால் காட்டுமிராண்டிகள் என்று சொல்லிவிடுவார்கள்; இன்னும் சில ஆண்டுகளில் நாட்டின் பெரிய அணிகளை வெல்ல வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் போட்டு இறங்கிவந்தார். முதல் நிபந்தனையைக் கவனியுங்கள். ஆட்டத்தில் எல்லாரும் குத்திக்கொள்கிற காலத்தில், குத்தாமல் இருக்க வேண்டிய பொறுப்பு ஒரு அணிக்கு மட்டும்.

வார்னரும் பணமும்

கிளென் ஸ்கோபி வார்னர், எல்லாரும் அழைத்தது ‘பாப்’ வார்னர். 1899 முதல் 1903 வரையும், பிறகு 1907 முதல் 1914 வரையும் கார்லைலின் பயிற்சியாளர். ஆட்டத்தின் வடிவமைப்பில் அவர் மேதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வீரர்களைப் பக்கவாட்டில் விலக்கி நிறுத்தி, பந்தை நேராகப் பின்னால் நிற்பவருக்கு அனுப்பி, அவர் ஓடுவாரா, எறிவாரா, உதைப்பாரா, இன்னொருவர் கையில் கொடுப்பாரா என்று எதிரணியைக் குழம்பவிடும் ஏற்பாடு அவருடையது. அமெரிக்க ஃபுட்பால் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்த ஏற்பாட்டில்தான் ஓடியது.

அவரை விளையாட்டு நிர்வாகியாகவும் வைத்திருந்தார்கள் என்பது அடுத்த செய்தி. கார்லைல் ஊரில் டிக்கெட் வாங்கிப் பார்க்கப் பெருங்கூட்டம் வராது. அதனால் சீசன் தொடக்கத்துச் சிறு ஆட்டங்கள் போக, அணி ரயிலேறிப் போய்க்கொண்டே இருந்தது: பிலடெல்பியா, பிட்ஸ்பர்க், வாஷிங்டன். ‘இந்தியர்கள்’ ஆடுகிறார்கள் என்றால் பெருநகரங்களில் கூட்டம் அலைமோதும். வசூலில் பங்கு கார்லைலுக்கு. பத்திரிகைகள் ஒவ்வொரு ஆட்டத்தையும் போர், கோடரி, மண்டைத்தோல் உரிப்பு என்ற மொழியில் எழுதின. அதுவும் டிக்கெட்டை விற்றது. அந்தப் பணம் அரசுக் கணக்கில் சேராமல் ‘தடகள நிதி’ என்ற தனிப் பெட்டிக்குப் போனது. அதைச் செலவு செய்தவர்கள் பெரும்பாலும் வார்னரும் பள்ளிக் கண்காணிப்பாளரும்தான். அணியில் இடம்பிடித்த பையன்களுக்கு ஒரு சூட், ஒரு ஓவர்கோட், தனி உணவு மேசை. அதையும் பெரிதாக நினைக்கும் நிலையில்தான் அவர்கள் இருந்தார்கள்.

1912 இலையுதிர் காலம்

அந்த ஆண்டு ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ். சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தைச் சேர்ந்த ஜிம் தோர்ப் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். கூடவே போன ஹோப்பி இனத்து லூயிஸ் டெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி. டெவானிமா கார்லைலுக்கு விரும்பி வந்தவர் அல்ல; பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஹோப்பிகளோடு ராணுவம் பிடித்து அனுப்பியவர்களில் ஒருவர். இவர்கள் ஒரு பள்ளியின் இரண்டு மாணவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஊர்வலம், வரவேற்பு எல்லாம் முடிந்து செப்டம்பரில் தோர்ப் அணித் தலைவராக மைதானத்துக்கு வந்தார். பந்தைக் கொண்டு ஓடுவார், எறிவார், உதைப்பார், தடுப்பார். பந்து அனுப்பும் இடத்தை முடிவு செய்யும் குவார்ட்டர்பேக், ஒஜிப்வே இனத்து கஸ் வெல்ச். அதே இனத்து ஜோ கையன் முன்வரிசையில். பின்வரிசையில் அலெக்ஸ் ஆர்காசா, ஸ்டான்சில் பவல். நடுவில் நின்று பந்தைப் பின்னால் அனுப்புபவர் ஜோ பெர்ஜி.

முதல் 12 நாளில் நான்கு ஆட்டங்கள்: ஆல்பிரைட் 50-7, லெபனான் வேலி 45-0, அதே ஊர் டிக்கின்சன் கல்லூரி 34-0, வில்லனோவா 65-0. இவை பயிற்சி ஆட்டங்கள் மாதிரிதான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபர் 5-ஆம் தேதி வாஷிங்டன் அண்ட் ஜெபர்சன் கல்லூரியோடு 0-0. அந்த சீசனில் கார்லைல் புள்ளி எடுக்காத ஒரே நாள். அதற்கு அடுத்த வாரம் சிராகியூஸ் 33-0. முந்தைய ஆண்டு 12-11 என்று ஒரு புள்ளியில் கார்லைலைத் தோற்கடித்து, சீசனின் ஒரே தோல்வியைக் கொடுத்தது இந்த சிராகியூஸ்தான். கணக்கைத் தீர்த்தாயிற்று. பிட்ஸ்பர்க் 45-8.

அக்டோபர் 26, சனிக்கிழமை, வாஷிங்டனில் ஜார்ஜ்டவுனை 34-20 என்று வென்றார்கள். ஆட்டம் முடிந்து ரயிலேறி, 28-ஆம் தேதி திங்கட்கிழமை கனடாவின் டொராண்டோவில் இறங்கினார்கள். அங்கே பாதி ஆட்டம் அமெரிக்க விதிப்படி, பாதி கனடிய விதிப்படி. 49-7. ஐந்து நாள் கழித்து லீஹை பல்கலைக்கழகத்தோடு 34-14. ஒரே வாரத்தில் மூன்று ஆட்டம், இரண்டு நாடு, அதே 11 பேர் இரு பக்க வேலையும். இன்றைக்கு எந்தக் கல்லூரியும் இப்படி ஒரு அட்டவணையைப் போட்டால் வீரர்களின் பெற்றோர் வழக்குப் போடுவார்கள். கார்லைல் பையன்களின் பெற்றோர் ஓக்லஹோமாவிலும் மினசோட்டாவிலும் இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

வெஸ்ட் பாயிண்ட்

நவம்பர் 9, ஹட்சன் ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவக் கல்லூரி. எதிரே நிற்கப்போகிறவர்கள் நாளைய ராணுவ அதிகாரிகள். அமெரிக்க ராணுவம் உண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்களை, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்று 22 ஆண்டுதான் ஆகியிருந்தது. இந்தப் பையன்களின் அப்பாக்களும் தாத்தாக்களும்தான் உங்கள் அப்பாக்களோடும் தாத்தாக்களோடும் சண்டை போட்டவர்கள் என்று ஆட்டத்துக்கு முன் வார்னர் தன் அணியிடம் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் சொல்லியிருக்காவிட்டாலும் அது அவர்களுக்குத் தெரியாததல்ல.

அன்று வார்னர் புதிய ஏற்பாடு ஒன்றைக் களமிறக்கினார். பின்வரிசையில் இருந்து இரண்டு பேரை இரு ஓரங்களுக்கும் விலக்கி நிறுத்துவது. இடமா வலமா, ஓட்டமா எறிதலா என்று எதிரணி கடைசி நொடிவரை ஊகிக்க முடியாது. கனத்த உடம்புள்ள ராணுவ வரிசை ஓடிப் பிடிப்பதற்குள் பந்து வேறொருவர் கையில் இருக்கும்.

முதல் டச்டவுன் ராணுவ அணியுடையது. கூடுதல் புள்ளிக்கான உதை தவறியதால் 6-0. கார்லைல் திருப்பிக் கொடுத்து, இடைவேளையில் 7-6. முதல் பாதியிலேயே குத்துச்சண்டை போட்டதற்காக கார்லைலின் பவல் வெளியேற்றப்பட்டார். பிராட்டின் பழைய நிபந்தனை அன்று உடைந்தது. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் ராணுவ அணித் தலைவர் லீலண்ட் டெவோர், தன்னை முதல் பாதி முழுக்கத் திணறடித்த ஜோ கையன் மேல் பாய்ந்து அடித்தார், அவரும் வெளியே. அதற்குப் பிறகு ராணுவ அணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கடைசிக் கணக்கு 27-6.

இந்த ஆட்டத்தைத் தோர்ப்பின் தனி வெற்றியாகச் சொல்வது வழக்கம். புள்ளிப் பட்டியலோ வேறு சொல்கிறது. நான்கு டச்டவுனில் மூன்று ஆர்காசாவுடையவை, ஒன்று பெர்ஜியுடையது. தோர்ப் சேர்த்தது உதையில் வந்த மூன்று புள்ளிகள் மட்டும். ஆனால் நெடுந்தூரம் பந்தைக் கொண்டுபோய் எல்லைக்கு அருகே வைத்தவர் பெரும்பாலும் அவர்தான். எதிரணி முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, மற்றவர்களுக்கு வழி திறந்தது. 92 கெஜம் ஓடி எடுத்த டச்டவுன் தவறு என்று ரத்தானதும் அடுத்த முறை 97 கெஜம் ஓடினார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். மேலே சொன்ன பட்டியலில் அதற்கு இடமில்லை.

ராணுவ அணியில் அன்று ஆடிய ஒரு மாணவர் டுவைட் ஐசன்ஹோவர். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் நேசநாட்டுத் தளபதி, பிறகு அமெரிக்க அதிபர். அவரும் இன்னொருவரும் சேர்ந்து தோர்ப்பை ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக மோதி வீழ்த்தத் திட்டமிட்டார்கள் என்றும், தோர்ப் சட்டென்று நின்றுவிட, இருவரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள் என்றும் சொல்வதுண்டு. அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரியோடு நடந்த ஆட்டத்தில் ஐசன்ஹோவரின் முழங்கால் போயிற்று. அதோடு அவர் ஃபுட்பாலும் போயிற்று. தோர்ப்பைப் போல ஒருவரை வேறெங்கும் பார்த்ததில்லை என்று அரை நூற்றாண்டு கழித்தும் பேசினார்.

அந்த ராணுவ அணி அந்த ஆண்டின் தலைசிறந்த அணி ஒன்றும் அல்ல. எட்டு ஆட்டத்தில் மூன்றில் தோற்றது. ஆனால் மற்ற இரண்டு தோல்விகளும், யேலிடமும் கடற்படைக் கல்லூரியிடமும், 6-0 என்ற கணக்கில். கார்லைலிடம் மட்டும் 27. புதிய விதி, புதிய ஏற்பாடு இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

அடுத்த வாரமே பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். பென்சில்வேனியாவுக்கு அது சுமாரான ஆண்டுதான். கார்லைல் அன்றும் 26 புள்ளி எடுத்தது. தடுப்பில்தான் ஓட்டை. அடுத்து ஸ்பிரிங்ஃபீல்டோடும் 30-24 என்று தப்பிப் பிழைத்தார்கள். இந்த இரண்டு ஆட்டங்களின் களைப்பு எண்ணிலேயே தெரிகிறது. நவம்பர் 28, நன்றி நவிலும் நாளன்று, பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32-0 என்று வீழ்த்தி சீசனை முடித்தார்கள். அந்த ஆண்டுச் சாம்பியன் என்ற பெயர், ஒன்பது ஆட்டத்தில் ஒன்றும் தோற்காத ஹார்வர்டுக்குப் போனது. கார்லைல் ஆடியதோ 14. பென்சில்வேனியாவிடம் அந்த ஒரு பிற்பகல் சரிந்திருக்காவிட்டால் பேச்சு வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

சீசன் முடிந்த பிறகு

1913 ஜனவரியில், மாசசூசெட்ஸின் ‘வூஸ்டர் டெலிகிராம்’ பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. தோர்ப் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்பது செய்தி. சொற்பக் காசு. கல்லூரிப் பையன்கள் பலர் அப்படி ஆடினார்கள். ஆனால் பொய்ப் பெயரில். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். காசு வாங்கியவர் ஒலிம்பிக்ஸில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. தான் ஒரு பூர்வகுடிப் பள்ளிப் பையன், இதெல்லாம் தெரியாது என்ற பொருளில் ஒரு மன்னிப்புக் கடிதம் தோர்ப் பெயரில் போனது. அதை எழுதியதில் வார்னரின் கை இருந்தது என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வார்னரும் கண்காணிப்பாளர் மோசஸ் ஃபிரீட்மனும், எங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். இரண்டு கோடை பள்ளியை விட்டுப்போன தங்கள் முதன்மை வீரன் எங்கிருந்தான் என்று பயிற்சியாளருக்குத் தெரியாதாம். நம்புவது கடினம்.

போட்டி முடிந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்று ஸ்டாக்ஹோம் விதிகள் சொல்லின. ஆறு மாதம் கழிந்திருந்தும் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. தோர்ப் பள்ளியை விட்டு நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணிக்குப் போனார்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் பலருக்குத் தெரியாத பகுதி. குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச் முன்நின்று, பள்ளி நிர்வாகத்தை விசாரிக்கக் கோரி ஒரு மனு தயாரித்தார். 200-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்த நாட்டின் குடிமக்கள் என்ற உரிமைகூட அவர்களில் பலருக்கு இல்லை. அது எல்லாப் பூர்வகுடிகளுக்கும் கிடைத்தது 1924-இல்தான். மனுவை அடுத்து 1914-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டு விசாரணைக் குழு பள்ளிக்கே வந்து உட்கார்ந்தது. வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாட்சி சொன்னார்கள். வார்னர் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், அடிக்கிறார், அணிக்கு வரும் டிக்கெட்டுகளை ஹோட்டல் கூடத்தில் விற்கிறார் என்றார்கள். நல்ல ஃபுட்பால் பயிற்சியாளர், ஆனால் கொள்கையற்ற மனிதர் என்பது வெல்ச் சொன்னதன் சாரம். தடகள நிதி மைதானத்துக்குத் தொடர்பே இல்லாத செலவுகளுக்கும் போயிருந்தது கணக்கில் தெரிந்தது. ஃபிரீட்மன் பதவி இழந்தார். வார்னர் அந்த ஆண்டு சீசனையும் நடத்திவிட்டு, 1915-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேயும் வென்றார், புகழோடு வாழ்ந்தார். அமெரிக்கச் சிறுவர் ஃபுட்பால் அமைப்பு ஒன்று இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

பள்ளி 1918-இல் மூடப்பட்டது. இப்போது அந்த வளாகத்தில் ராணுவப் போர்க் கல்லூரி இயங்குகிறது. கல்லறையில் கிடந்த பிள்ளைகளின் எச்சங்களை 2017 முதல் அவர்கள் இனத்தார் ஊருக்கு எடுத்துச் செல்கிறார்கள். 2024 டிசம்பரில் அந்த இடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. தோர்ப் 1953 மார்ச்சில் இறந்தார். ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்று இரண்டே மாதம் ஆகியிருந்தது. பறித்த பதக்கங்களின் நகல்களை 1983-இல் அவர் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அப்போதும் ‘இணை வெற்றியாளர்’ என்றே பதிவு. இரண்டு போட்டியிலும் தனி வெற்றியாளர் அவரே என்று ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது 2022 ஜூலையில்.

தோர்ப்பின் பதக்கக் கதையை யாருக்காவது சொல்ல நேர்ந்தால், மனு எழுதிய கஸ் வெல்ச்சின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.